வாசகர் கேள்வி – பதில்: கையளவுக் கார்களுக்கு ஓர் ஆண்டுத் தேர்தல்

சென்ற இதழில், மாதிரிக் கார் சேகரிப்போர் ஆண்டுதோறும் நடத்தும் விருது வாக்கெடுப்புகளைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரிகளில் விடையளித்திருந்தேன். அந்த நான்கு வரிகள் போதவில்லை என்று கெடா மாநிலத்தின் பாடாங் செராயிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள் வந்து சேர்ந்துள்ளன. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சிறுநகரில் சேகரிப்பாளர் பதினான்கு பேர் ஒன்றுகூடி, வரும் டிசம்பரில் தங்களுக்குள் வாக்கெடுத்து, ஆண்டின் சிறந்த மாதிரிக் காரைத் தெரிவு செய்யப் போகிறார்களாம். ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். வழக்கமான உடல்நலக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி (செம்பனை ஆலைப் பணியாளர், பாடாங் செராய்): ஐயா, வெளிநாடுகளில் இந்த விருதுகளுக்கு வாக்களிப்பவர்கள் யார்? ஆயிரக்கணக்கானோர் வாக்களிக்கும் விருதுகள் இருக்கும்போது, பதினான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தரும் விருதுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

பதில்: இவ்விருதுகள் பொதுவாக இரண்டு வகைப்படும். துறை அறிந்த சிலர் நடுவர்களாக இருந்து தீர்ப்பளிப்பது ஒரு வகை. சேகரிப்பவர்களே நேரடியாக வாக்களிப்பது மற்றொரு வகை. ஜெர்மனியில் வெளிவரும் ‘மோடல் ஃபார்ட்சோய்க்’ என்னும் இதழ், ‘ஆண்டின் மாதிரி வாகனம்’ என்ற விருதைத் தன் வாசகர்களின் வாக்குகளைக் கொண்டே முடிவு செய்கிறது. அளவு வாரியாகவும் வாகன வகை வாரியாகவும் பிரிவுகள் அமைத்து, ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே வாக்குப் பெறுவதுதான் இத்தகைய தேர்தல்களின் வழக்கம். மாதிரிக் கார்த் தொழிலில் ஜெர்மனிக்கு இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. 1990-இல் ஆகன் நகரில் தொடங்கப்பட்ட மினிசாம்ப்ஸ் அந்நாட்டு நிறுவனமே. உலகத் தயாரிப்பாளர்கள் தங்கள் புது வரவுகளைக் காட்சிக்கு வைக்கும் பொம்மைக் கண்காட்சி, ஆண்டுத் தொடக்கத்தில் நூரம்பெர்க் நகரில்தான் நடைபெறுகிறது.

இனி, மதிப்பைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். பெரிய வாக்கெடுப்பின் பலமும் பலவீனமும் ஒன்றே: பட்டியல் நீளமானது. ஒரு பிரிவில் ஐம்பது கார்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் மூன்றையோ நான்கையோ கையில் எடுத்துப் பார்த்திருக்கும் ஒருவர், மீதமுள்ளவற்றைப் படத்தை வைத்துத்தான் எடைபோடுகிறார். அந்தப் படமும் பெரும்பாலும் தயாரிப்பாளர் விளம்பரத்துக்காக எடுத்தது. அதில் இருப்பது பல வேளைகளில் விற்பனைக்கு வந்த கார்கூட அன்று, அதற்கு முன் கையால் பூசி முடித்த முதல் மாதிரி. சாயம் எவ்வளவு தடிப்பாக விழுந்திருக்கிறது, கதவைத் திறந்து மூடினால் சரியாகப் பொருந்துகிறதா, முன்விளக்கின் கண்ணாடிக்குப் பின்னால் பசை கசிந்திருக்கிறதா என்பவற்றை எந்தப் படமும் சொல்லாது. உங்கள் பதினான்கு பேரும் போட்டியில் உள்ள ஒவ்வொரு காரையும் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு வாக்களிப்பீர்களானால், பெரிய தேர்தலுக்குக் கிட்டாத ஒன்று உங்களுக்குக் கிட்டிவிடும். கையில் எடுத்துப் பார்க்காதவருக்கு அந்தப் பிரிவில் வாக்கில்லை என்பதை உங்கள் முதல் விதியாக எழுதி வையுங்கள். நான் கீழே சொல்லப் போகும் பலவும் இந்த விதியிலிருந்து கிளைப்பவையே.

கேள்வி (மின்பணியாளர், லூனாஸ்): எல்லாக் கார்களையும் ஒரே பிரிவில் போட்டியிட விட்டால் என்ன? நல்ல வேலைப்பாடு எந்த அளவில் இருந்தாலும் நல்ல வேலைப்பாடுதானே?

பதில்: நல்ல கேள்வி, ஆயினும் உடன்பட இயலவில்லை. நான்கு மீட்டர் நீளமுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1:18 அளவில், அதாவது உண்மைக் காரின் பதினெட்டில் ஒரு பங்காக, அது 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவும், 1:43 அளவில் 9.3 சென்டிமீட்டராகவும், 1:64 அளவில் ஆறேகால் சென்டிமீட்டராகவும் சுருங்கும். முதலாவதில் இருக்கைப் பட்டையின் கொக்கியைக்கூடத் தனி உறுப்பாகச் செய்து பொருத்தலாம். மூன்றாவதில் அதே கொக்கி ஒரு மணல்துகள் அளவுதான் வரும். அங்கே கைவண்ணம் என்பது எதைச் செய்வது என்பதில் அன்று, எதை விடுவது என்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்போதும் பெரியதே வெல்லும்.

இந்த அளவுகள் எங்கிருந்து வந்தன என்று அறிந்திருப்பதும் பிரிவுகளை வகுக்க உதவும். இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த மெக்கானோ நிறுவனம், தன் ஹார்ன்பி பொம்மை இரயில்களுக்குப் பக்கத்தில் வைக்கச் சிறு வாகனங்களைச் செய்யத் தொடங்கி, 1934 முதல் அவற்றை டிங்கி என்ற பெயரில் விற்றது. அந்த இரயில்கள் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அமைந்தவை. கணக்கிட்டால் ஏறக்குறைய 1:43 வருகிறது. ஓர் அடிக்கு அரை அங்குலம் என்றால் 1:24. ஓர் அங்குலத்தின் பதினாறில் மூன்று பங்கு என்றால் 1:64. அடியும் அங்குலமும் நம் பள்ளிக்கூடங்களை விட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆனபின்னும், சேகரிப்பாளரின் அலமாரியில் இந்த உருவத்தில் தங்கிவிட்டன.

ஆனால் எச்சரிக்கையாக இருங்கள்: சிறிய கார்கள் எல்லாமே 1:64 அல்ல. லெஸ்னி நிறுவனம் 1953-இல் அறிமுகப்படுத்திய மேட்ச்பாக்ஸ் கார்கள், பெயருக்கேற்ப, தீப்பெட்டி போன்ற பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில் செய்யப்பட்டவை. அந்தப் பெட்டிக்குள் பேருந்தும் அடங்க வேண்டும், மோட்டார் சைக்கிளும் அடங்க வேண்டும் என்றால் அளவு எப்படி ஒன்றாக இருக்கும்? 1970-இல் வந்த ஜப்பானின் தோமிக்காவும் இதே வழியில் சென்றது. காரைத் திருப்பிப் பார்த்தால் அடித்தட்டில் ஒன்றில் 1:59 என்றும் இன்னொன்றில் 1:62 என்றும் பொறித்திருப்பார்கள். மினி ஜிடி, இன்னோ64, டார்மாக் வொர்க்ஸ் போன்ற புதிய நிறுவனங்களோ 1:64 என்பதைப் பிடிவாதமாகக் காப்பவை. எனவே ‘சிறு கார்’ என்று ஒரே பிரிவு வைத்தால் அளவில் பிழையற்றதும் பெட்டிக்கு ஏற்பச் சுருக்கியதும் மோதிக்கொள்ளும். அளவு பேணுபவை ஒரு பிரிவு, பேணாதவை ஒரு பிரிவு என இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரண்டாவது பிரிவைத் தாழ்வாக எண்ண வேண்டாம். நான் வளர்ந்த தோட்டத்தில் கிராணி வீட்டுப் பிள்ளையிடம் ஒரு மேட்ச்பாக்ஸ் லாரி இருந்தது. நாங்கள் பால் டின் மூடிகளைச் சக்கரமாக்கி ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த லாரியின் அளவு சரியா தவறா என்று அன்று யாரும் கேட்கவில்லை. அதைத் தொட்டுப் பார்க்க லயத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றோம்.

கேள்வி (வாகனச் சாயப் பட்டறை நடத்துபவர், கூலிம்): எங்கள் குழுவில் ஒரு சண்டை. ரெசினில் செய்த கார் கதவு திறக்காது. அதை டைகாஸ்ட்டோடு போட்டியிட விடக்கூடாது என்கிறார் ஒருவர். உடல் பிளாஸ்டிக்காக இருந்தால் அது மாதிரிக் காரே அன்று என்கிறார் மற்றொருவர். தாங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பதில்: நீங்கள் சாயத் தொழிலில் இருப்பவர் என்பதால் உங்கள் கண்ணுக்கு இது எளிதில் புலப்படும். டைகாஸ்ட் என்பது துத்தநாகத்தோடு சிறிது அலுமினியமும் இன்னும் சில உலோகங்களும் கலந்த கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. எஃகு அச்சுக்குப் பெரும் பணம் செலவாகும்; ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் ஆயிரமாயிரமாய் வார்த்துக்கொண்டே போகலாம். ரெசின் கார், மென்மையான சிலிக்கன் அச்சில் திரவத்தை ஊற்றி உறைய வைப்பது. சில டஜன் வார்ப்புகளிலேயே அந்த அச்சு தேய்ந்துபோகும் என்றாலும், புதிதாக ஓர் அச்சுச் செய்வது மலிவு. அதனால்தான் உலகில் சில நூறு பேர் மட்டுமே தேடக்கூடிய பழைய பந்தயக் கார்கள் ரெசினில் வருகின்றன. டைகாஸ்ட்டில் அவற்றைச் செய்தால் அச்சுக் கூலிகூடத் திரும்பாது.

உலோகத்துக்கு அதன் குறைகளும் உண்டு. வார்த்த உலோகம் ஓரளவு தடிப்பாக இருந்தாக வேண்டும். கதவு விளிம்புகள் கூராக வருவதில்லை. மேலே பூசும் சாயம் உடற்கோடுகளை நிரப்பி மழுக்கிவிடும். 1:18 அளவில் பெயர்பெற்ற ஆட்டோஆர்ட் நிறுவனம், 2010-களின் நடுப்பகுதியில், தன் புதிய கார்களின் உடலை உலோகத்திலிருந்து கலப்புப் பிளாஸ்டிக்குக்கு மாற்றியது இந்தக் கூர்மையைக் காரணம் காட்டித்தான். கதவுகளும் முன்மூடியும் திறக்கும் வசதியை அது விடவில்லை. அன்று எழுந்த வாக்குவாதம் சேகரிப்பாளர்களிடையே இன்னும் முழுமையாக அடங்கவில்லை. கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு எடை குறைந்தது ஏமாற்றமாகப்பட்டது. கண்ணால் மட்டும் பார்ப்பவர்கள் முன்னேற்றம் என்றார்கள்.

என் தீர்ப்பு இது: பொருளை வைத்துப் பிரிக்காதீர்கள், திறப்பதா திறவாததா என்பதை வைத்துப் பிரியுங்கள். திறக்கும் காருக்குக் கீல், இயந்திர அறை, உட்புறக் கம்பளம் என்று சோதிக்க எத்தனையோ இருக்கின்றன. திறவாத காரின் முழு மானமும் அதன் வெளித்தோற்றத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் உடலைப் போட்டிக்கு வெளியே தள்ளுவது நியாயமன்று. எடை குறைவு என்று கருதுபவர் தம் வாக்கைக் குறைத்துக்கொள்ளட்டும்; வாக்கு என்பது அதற்காகத்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஜெர்மனியின் சிஎம்சி போன்ற நிறுவனங்கள் ஒரே 1:18 காரை ஆயிரத்துக்கு மேற்பட்ட உறுப்புகளைக் கோத்துச் செய்கின்றன, விலையும் அதற்கேற்றபடி பல நூறு யூரோ. அத்தகைய ஒன்றைச் சாதாரண விலைக் காரோடு நிறுத்தினால், விலைச்சீட்டுக்கு விருது கொடுத்ததாகத்தான் முடியும். ஆகவே விலைக்கு ஒரு கோடு போட்டுவிடுங்கள். எங்கே போடுவது என்பதை உங்கள் பதினான்கு பேரின் பணப்பை முடிவு செய்யட்டும்.

கேள்வி (படிவம் மூன்று மாணவன், பாடாங் செராய்): எனக்கு 15 வயது. என்னிடம் 212 கார்கள் இருக்கின்றன. என்னை வாக்களிக்க விடுவார்களா?

பதில்: தம்பி, நாட்டின் பொதுத்தேர்தலில் வாக்களிக்க 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பொதுத்தேர்தல்களில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது 2022-இல்தான். உங்கள் ஊர்த் தேர்தலுக்கு அந்தச் சட்டம் இல்லை. கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். ஆனால் கார்களை எண்ணிக்கையாகச் சொல்லி வாக்குக் கேட்காதே. 212 கார் வைத்திருப்பவருக்கும் 12 கார் வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றுதான்.

கேள்வி (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, பாடாங் செராய்): வாக்குகளை எண்ணும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதிக வாக்குப் பெற்றதை வெற்றி என்று அறிவித்துவிட்டால் போதாதா? புலனக் குழுவில் விருப்பக்குறி இடச் சொல்லி எண்ணினால் இன்னும் எளிது என்கிறார்கள் சிலர்.

பதில்: விருப்பக்குறி வேண்டாம், ஆசிரியை அவர்களே. முதலில் இட்டவரைப் பார்த்து அடுத்தவர் இடுவார். நண்பரின் காருக்கு இடாவிட்டால் நண்பர் முகம் சுளிப்பார். தாளில் எழுதி மடித்துப் போடும் வாக்குக்கு இணையானது வேறில்லை. (2013 பொதுத்தேர்தலில் வந்ததைப் போல விரலில் மை வைக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதினான்கு பேருக்கு மை வேண்டாம், முகமே போதும்.)

அதிக வாக்குப் பெற்றதே வெற்றி என்னும் முறை நம் நாட்டு நாடாளுமன்றத் தேர்தலின் முறை. மாதிரிக் கார்களில் அது ஒரு தனி விதத்தில் தவறிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் ஒரே வார்ப்பை வெவ்வேறு பந்தயச் சாயங்களில் வெளியிடுவார்கள். அந்த வார்ப்பை விரும்புகிறவர்களின் வாக்கு அச்சாயங்களுக்கிடையே சிதறும். பெரும்பாலோருக்கு அவ்வளவாகப் பிடிக்காத இன்னொன்று நடுவில் புகுந்து வென்றுவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம். மூன்று கார்கள்: ஒரு வெள்ளை வேன், ஒரே வார்ப்பில் வந்த சிவப்புப் பந்தயக் கார், நீலப் பந்தயக் கார். பதினான்கு வாக்குகளில் வேனுக்கு 6, சிவப்புக்கு 5, நீலத்துக்கு 3. நாடாளுமன்ற முறைப்படி வேன் வென்றது. இப்போது ஒவ்வொருவரையும் முதல், இரண்டாம், மூன்றாம் இடம் என வரிசைப்படுத்தச் சொல்லி, முறையே 3, 2, 1 புள்ளிகள் தருவோம். சிவப்பை விரும்பிய ஐவரும் நீலத்தை இரண்டாவதாக வைக்கிறார்கள். நீலத்தை விரும்பிய மூவரும் சிவப்பை இரண்டாவதாக வைக்கிறார்கள். வேன் பிரியர்கள் அறுவரில் மூவர் சிவப்பையும் மூவர் நீலத்தையும் இரண்டாவதாக வைக்கிறார்கள். கூட்டிப் பாருங்கள்: சிவப்புக்கு 30, நீலத்துக்கு 28, வேனுக்கு 26. முதலில் வென்ற வேன் கடைசிக்குப் போய்விட்டது. பதினான்கு பேரில் எட்டுப் பேர் அதைக் கடைசியாக வைத்திருந்தார்கள் என்பது முதல் கணக்கில் நமக்குத் தெரியவே இல்லை.

இந்தப் புள்ளி முறையை 18-ஆம் நூற்றாண்டிலேயே போர்டா என்ற பிரெஞ்சு அறிஞர், பாரிசின் அறிவியல் கழகத்துக்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்வதற்காக முன்வைத்தார். அதற்கும் ஓர் ஓட்டை உண்டு. தாம் விரும்பும் காருக்கு உண்மையான போட்டி எது என்று கண்டுகொண்டு, அது நன்றாக இருந்தும் வேண்டுமென்றே அதைக் கடைசியில் எழுதுபவர்கள் இருப்பார்கள். அதைச் சுட்டிக்காட்டியபோது, தம் முறை நேர்மையானவர்களுக்காக மட்டுமே என்று போர்டா விடையளித்ததாகச் சொல்வார்கள். உங்கள் குழுவுக்கு அந்தத் தகுதி உண்டா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். ஐயமிருந்தால், எண்ணி முடித்தபின் பெயரின்றி எல்லாத் தாள்களையும் சுவரில் ஒட்டிவிடுங்கள். எல்லோரும் இரண்டாவதாக வைத்த காரை ஒரே ஒரு தாள் மட்டும் கடைசியில் தள்ளியிருந்தால், அடுத்த ஆண்டு அந்தத் தாளுக்குரியவர் சற்றுத் தயங்குவார். புள்ளிகள் சமமானால், முதலிடம் அதிகம் பெற்றதை உயர்த்துங்கள். அதுவும் சமமானால் விருதைப் பகிர்ந்துவிடுங்கள். நாணயம் சுண்டுவது மட்டும் வேண்டாம்.

இன்னொன்று: ஒரே வார்ப்பின் பல சாயங்களை ஒரே போட்டியாளராகச் சேர்த்து, எந்தச் சாயம் சிறந்தது என்பதைப் பிறகு தனியாகக் கேட்டால், மேலே சொன்ன சிக்கலின் பாதி தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

கேள்வி (பாரவண்டி ஓட்டுநர், சுங்கைப் பட்டாணி): இந்த ஆண்டுக் கார் என்பதை எப்படி நிர்ணயிப்பது? அடித்தட்டில் உள்ள ஆண்டைப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது, அதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். ஹாட் வீல்ஸ் காரின் அடியில் நிறுவனப் பெயரோடு பொறித்திருக்கும் ஆண்டு, அந்த வார்ப்பின் உரிமை பதிவான ஆண்டு. அதே வார்ப்பு பல ஆண்டுகள் கழித்துப் புதுச் சாயத்தில் வந்தாலும் அந்த ஆண்டு மாறாமலே இருக்கும். அது தயாரான காலத்தை அறிய, அடித்தட்டில் தனியாக அச்சிட்டிருக்கும் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் கொண்ட சிறு குறியைப் பார்க்க வேண்டும். எழுத்து ஆண்டையும் இலக்கம் வாரத்தையும் காட்டும். ஆகவே ‘புதிய வார்ப்பு’ என்ற விருதுக்கு முதலாவதையும், ‘புதிய வெளியீடு’ என்ற விருதுக்கு இரண்டாவதையும் சான்றாகக் கொள்ளலாம். மற்ற நிறுவனங்களின் கார்களுக்கு, நம் நாட்டுக் கடையில் ஜனவரி முதல் நவம்பர் வரை விற்பனைக்கு வந்திருக்க வேண்டும் என்ற விதியே எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் நூரம்பெர்க்கில் காட்டப்பட்ட கார் ஆண்டு முடிந்தும் கைக்கு வராமல் போவது உண்டு. அறிவிப்புக்கு விருது தர வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவி, பாடாங் செராய்): என் அம்மா தோட்டத்து வாசலில் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் பிறைக்குச் சென்று பல ஆண்டுகள் பொம்மைக் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அடியில் ‘மலேசியா’ என்று பொறித்த கார்களுக்கு எங்கள் வாக்கெடுப்பில் கூடுதல் புள்ளி தரலாமா?

பதில்: உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். உலகின் எந்த மூலையில் ஒரு சிறுவன் ஹாட் வீல்ஸ் காரைத் திருப்பிப் பார்த்தாலும், பெரும்பாலும் அதில் ‘மலேசியா’ என்ற சொல் இருக்கும். பிறையில் மேட்டல் நிறுவனத்துக்கு உள்ள ஆலைதான் அதற்குக் காரணம். இரவு நேரப் பணிக்குப் போன நம் தோட்டப்புறப் பெண்கள் பலரின் கை பட்டவை அவை. இத்தனை இருந்தும், சேகரிப்பாளர் விருதுகளில் தயாரித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இருந்தாலும் கூடுதல் புள்ளி கூடாது. புள்ளியில் சலுகை கொடுத்த அன்றே மற்ற புள்ளிகள் மீதும் ஐயம் எழும். ஹாட் வீல்ஸ் கார்கள் தாய்லாந்திலும் தயாராகின்றன. பிரெஞ்சுப் பெயரான மாஜோரெட்டின் ஆலையும் தாய்லாந்தில்தான் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் அதே வேலையைச் செய்த ஒரு பெண்ணின் காருக்குப் புள்ளியைக் குறைப்பது நமக்கு அழகன்று. வேறொரு வழி சொல்கிறேன். பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் கார்களுக்கென ஒரு பிரிவு வையுங்கள். அப்பிரிவில் சாயம், அச்சு, சக்கரப் பொருத்தம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு சொல்லும் நடுவராக உங்கள் அம்மாவை உட்கார வையுங்கள். எந்தப் பிழை அச்சில் நேர்ந்தது, எந்தப் பிழை கோக்கும்போது நேர்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் அவரால் பிரித்துச் சொல்ல முடியும். நம்மில் எவருக்கும் அது முடியாது.

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாதவர்): எங்கள் உறுப்பினர் ஒருவர் கார்களை வாங்கி இருமடங்கு விலைக்கு விற்பவர். அவர் வாக்களிக்கலாமா?

பதில்: வாக்களிக்கலாம். ஆனால் தம் கையிருப்பில் ஒன்றுக்கு மேல் வைத்திருக்கும் காரைத் தம் தாளில் எழுதக்கூடாது. விருது பெற்ற காரின் விலை மறுநாளே ஏறும் என்பதை அவர் உங்களைவிட நன்கு அறிவார்.

கேள்வி (கார் பழுதுபார்ப்பவர், பாடாங் செராய்): ஒவ்வொரு முறையும் நிஸ்ஸானின் ஸ்கைலைன் ஜிடி-ஆர் கார் எது வந்தாலும் அதுவே முதலிடம். புரோட்டோன் சாகாவுக்கு எங்கள் ஊரில்கூட இடமில்லையா?

பதில்: நீங்கள் சுட்டியது இத்தகைய தேர்தல்களின் ஆழமான நோய். மக்கள் வாக்களிப்பது மாதிரிக்கு அன்று. மனத்தில் இருக்கும் உண்மைக் காருக்கு. மாதிரியின் முன்விளக்கு கோணலாக இருந்தாலும் ஸ்கைலைன் வெல்லும். அருமையாக வார்த்த ஒரு பால் வேன் தோற்கும். இதற்கு நான் கண்ட மருந்து ஒன்று உண்டு. ஒவ்வொரு காரையும் உண்மைக் காரின் நான்கு பக்கப் படங்களோடு மேசையில் வைத்து, ‘எது பிடித்திருக்கிறது’ என்று கேட்காமல் ‘எது மூலத்துக்கு மிக நெருங்கி நிற்கிறது’ என்று தாளில் அச்சிடுங்கள். கேள்வியின் சொல் மாறினால் விடையும் மாறும்.

சாகா என் வயதினருக்கு வெறும் கார் அன்று. 1985 ஜூலை 9-ஆம் நாள் அது வெளியிடப்பட்ட பின் வந்த ஆண்டுகளில், எங்கள் தோட்டத்தில் முதன்முதலில் அதை வாங்கியவர் வீட்டுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். உள்ளே மிட்சுபிஷி லான்சரின் உடலமைப்புத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபின்னும் பாசம் குறையவில்லை. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கும் இதே கதை. ஆயினும் தகுதி இல்லாத மாதிரியைப் பாசத்துக்காக முதலிடத்தில் நிறுத்தாதீர்கள். உங்கள் ஏக்கத்துக்கு வேறொரு வாக்குச்சீட்டு இருக்கலாம்: ‘இன்னும் நன்றாகச் செய்யப்பட வேண்டிய கார் எது?’ 2018 முதல் ஹாட் வீல்ஸ் நடத்திவரும் போட்டியில், ரசிகர்கள் தாமே உருவாக்கிய உண்மைக் கார் ஒன்று தெரிவு செய்யப்பட்டுக் கையளவுக் காராக வார்க்கப்படுகிறது. ரசிகரின் விருப்பத்தைத் தயாரிப்பாளர் காதில் வாங்குகிறார் என்பதற்கு அது சான்று. பதினான்கு பேரின் முடிவைத் தூய ஆங்கிலத்தில் ஒரு கடிதமாக்கி, சாகாவின் தெளிவான படங்களோடு சில 1:64 தயாரிப்பாளர்களுக்கு அனுப்பிவையுங்கள். அஞ்சல் செலவு அதிகமாகாது.

கேள்வி (இல்லத்தரசி, பாடாங் செராய்): என் கணவர் உங்கள் பதினான்கு பேரில் ஒருவர். அவருடைய கார்களை வாரந்தோறும் தூசி தட்டுகிறவள் நான். எங்களுக்கு வாக்கு உண்டா, அல்லது துடைக்கும் வேலை மட்டும்தானா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம்தான் இந்தக் கட்டில் மிகவும் பயனுள்ளது. இவ்விருதுகள் எல்லாமே கார் வெளிவந்த சில மாதங்களுக்குள் வழங்கப்படுகின்றன. ஆனால் மாதிரிக் காரின் உண்மையான குணம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். உலோகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால்கூட வார்ப்பு உள்ளுக்குள்ளேயே வெடித்து, காலப்போக்கில் உதிர்ந்துபோகும். போருக்கு முந்தைய டிங்கி கார்களில் பல அப்படித்தான் அழிந்தன. மென்மையான டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை, கார் நிற்கும் பிளாஸ்டிக் தட்டை உருக்கி, நான்கு பள்ளங்களை விட்டுச் செல்லும். நம் ஊரின் வெப்பத்திலும் ஈரத்திலும் சாயத்தில் கொப்புளம் எழும். ஒட்டுச்சித்திரம் ஓரத்தில் சுருண்டுகொள்ளும். நூரம்பெர்க்கின் குளிரில் எடுத்த படம் இவற்றையெல்லாம் எப்படிக் காட்டும்?

எனவே பாடாங் செராய் அன்பர்களுக்கு என் கடைசி யோசனை: ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த கார்களுக்கென ஒரு பிரிவை வையுங்கள். அதற்கு விண்ணப்பிக்கும் கார் பெட்டிக்குள் பூட்டி வைத்ததாக இருக்கக்கூடாது. ஐந்து ஆண்டும் திறந்த அலமாரியில் நின்றிருக்க வேண்டும். அப்பிரிவில் வாக்களிக்கும் உரிமை, அந்த அலமாரிகளைத் துடைத்தவர்களுக்கு மட்டும். எந்தக் காரின் பக்கக் கண்ணாடி துணி பட்டதும் கழன்று விழுகிறது, எந்தக் காரின் அலைவாங்கிக் கம்பி மூன்றாம் மாதமே ஒடிந்தது, எது இன்னும் முதல் நாள் போலப் பளபளக்கிறது என்று உங்கள் கணவருக்குத் தெரியாது. அவரை அன்று தேநீர் கலக்கச் சொல்லுங்கள்.